முகமற்ற பார்வோன்: ஸ்டைன்பெக்கின் புதினம் பற்றிய ஓர் இறையியல் திறனாய்வு

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1939-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' என்னும் புதினத்தின் தலைப்பைக் 'கோபத்தின் திராட்சைகள்' எனத் தமிழில் கூறலாம். ஜூலியா வார்ட் ஹோ இயற்றிய போர்க்காலப் பாடல் ஒன்றிலிருந்தும், அதன் வழியாக வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் தேவகோபாக்கினையின் ஆலை என்னும் உருவகத்திலிருந்தும் இத்தலைப்பு எடுக்கப்பட்டது. நூல் 1940-இல் புலிட்சர் பரிசு பெற்றது. ஆசிரியர் 1962-இல் நோபல் பரிசு பெற்றார். தலைப்பு முதல் இறுதிக் காட்சி வரை திருமறை உருவகங்கள் நிறைந்திருப்பதால் மறையுரையாளருக்கு எளிதில் கைகொடுக்கும் நூல் இது.

அவ்வாறு கைகொடுப்பதில்தான் இடர் உள்ளது. இந்நூலை எடுத்தாளுவோர் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுவர். ஒன்று, இதனை யாத்திராகமத்தின் மறுபதிப்பாகக் காண்பது: அடிமை நாட்டிலிருந்து வாக்களிக்கப்பட்ட நாட்டை நோக்கிச் செல்லும் ஏழைக் குடும்பத்தின் பயணம். மற்றொன்று, இதனை ஈகையின் கதையாகக் காண்பது: எல்லாம் இழந்த ஒரு பெண் பசித்த அந்நியன் ஒருவனுக்குத் தன் தாய்ப்பாலை அளிக்கும் இறுதிக் காட்சியில் நற்செய்தியைக் கண்டு நிறைவடைவது. இவ்விரு வாசிப்புகளும் போதா என்பதே நம் கருத்து. இயந்திரம், வறட்சி, பொருளாதார வீழ்ச்சி ஆகிய மூன்றும் ஒருங்கே வந்து உழைப்பாளரைப் பெயர்த்தெறிந்த ஒரு காலத்தின் ஆவணம் இந்நூல். அம்மூன்றும் இன்று வேறு உருவில் மீண்டும் நம் முன் நிற்கின்றன. ஆகவே இந்நூல் எதனைத் தெளிவாகக் கண்டது, எதனைக் காணத் தவறியது என்று ஆராய்வது ஆயர் பணிக்கு ஆயத்தப்படுவோருக்குப் பயனுள்ளதாகும்.

1. புதினம் கண்ட உண்மை

ஒக்லஹோமா மாநிலத்தில் சாலிசா என்னும் ஊரின் அருகே வாரத்திற்குப் பயிரிட்டு வாழ்ந்த ஜோட் குடும்பம் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, பழைய ஊர்தி ஒன்றில் கலிபோர்னியாவுக்குச் செல்வதும், அங்கே கூலி வேலை தேடி அலைவதும், இறுதியில் வெள்ளத்தில் சிக்குவதுமே கதை. ஒரு குடும்பத்தின் கதையைக் கூறும் அதிகாரங்களுக்கு இடையிடையே, அக்குடும்பத்தைப் பெயரிடாமல் அக்காலத்துப் பொதுநிலையைக் கூறும் சிறு அதிகாரங்களை ஆசிரியர் அமைத்திருக்கிறார். ஜோட் குடும்பத்துக்கு நேர்வது அவர்களுக்கு மட்டும் நேர்ந்த விதியன்று என்பதை வாசகர் மறவாதிருக்கச் செய்வதே இவ்வமைப்பின் நோக்கம். 1930-களில் ஒக்லஹோமா, டெக்சாஸ், ஆர்கன்சா, மிசௌரி ஆகிய மாநிலங்களிலிருந்து மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோர் கலிபோர்னியாவில் குடியேறினர் என்பதை நோக்க, இவ்வமைப்பு எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

உழைப்புச் சந்தை எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்ல முயல்வதை ஸ்டைன்பெக் மூன்று காட்சிகளில் காட்டிவிடுகிறார்.

முதலாவது, டிராக்டர் ஓட்டுபவன். குத்தகைக்காரரின் வீட்டை இடிக்க வருபவன் வெளியூரான் அல்லன். அதே ஊரில் வளர்ந்த ஒருவரின் மகன். அவனுக்கு நாளொன்றுக்கு மூன்று டாலர் கூலி. அவன் பெறும் அக்கூலியின் பொருட்டுப் பதினைந்து, இருபது குடும்பங்கள், ஏறத்தாழ நூறு பேர், தெருவுக்கு வருகின்றனர். தன் பிள்ளைகள் உண்ண வேண்டும் என்பதே அவன் கூறும் விடை. இயந்திரம் வேலையை அழிக்கிறதா, ஆக்குகிறதா என்று இன்று நடைபெறும் வழக்காட்டில் இக்காட்சியை நினைவில் கொள்ளுதல் நன்று. இயந்திரம் ஒருவனுக்கு முன்னிலும் நல்ல கூலியைத் தருகிறது என்பது உண்மை. அதே இயந்திரம் ஒரே ஊராரை இரு கூறாக்குகிறது என்பதும் உண்மை.

இரண்டாவது, துண்டு விளம்பரம். கலிபோர்னியாவில் நல்ல கூலிக்கு ஆள் தேவை என்று அச்சிட்ட தாள் ஒக்லஹோமாவின் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. வழியில் எதிர்ப்படும் கந்தலாடை மனிதன் ஒருவன் அத்தாளின் கணக்கை விளக்குகிறான். ஒருவருக்கு எண்ணூறு பேர் தேவை. அவர் ஐயாயிரம் தாள்களை அச்சிடுகிறார். அவற்றை இருபதாயிரம் பேர் பார்க்கின்றனர். தேவைக்கு மேல் எத்தனை பேர் வந்து நிற்கிறார்களோ அத்தனைக்குக் கூலி குறையும். பசித்த பிள்ளைகள் உள்ளவனே மிகக் குறைந்த கூலிக்கு இசைவான்.

மூன்றாவது, பீச் தோட்டம். ஹூப்பர் என்பவரின் தோட்டத்திற்குக் காவலர் புடைசூழ ஜோட் குடும்பம் அழைத்துச் செல்லப்படுகிறது. பெட்டி ஒன்றுக்கு ஐந்து சென்ட் கூலி. வாயிலுக்கு வெளியே ஏன் மக்கள் கூச்சலிடுகின்றனர் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. அன்றிரவே டாம் ஜோட் உண்மையை அறிகிறான். இரண்டரை சென்ட்டாகக் கூலியைக் குறைத்ததற்காக முன்னிருந்தவர்கள் வேலைநிறுத்தம் செய்கின்றனர். அதனை முறிக்கும் வரைக்குமே தங்களுக்கு ஐந்து சென்ட். தாம் அறியாமலே தம்மினத்தாருக்குக் கருங்காலிகளாகிவிட்டனர். ஏழை ஏழையின் பகைவனாக ஆக்கப்படுவது எவ்வாறு என்பதை இதனினும் சுருங்கச் சொல்ல இயலாது.

2. அரக்கன் என்னும் உருவகம்

இவ்வளவு தெளிவாகக் கண்ட ஆசிரியர் ஓரிடத்தில் தடுமாறுகிறார் என்று கருதுகிறோம். நிலத்தைப் பறிப்பது யார் என்னும் வினாவுக்கு அவர் தரும் விடையில் அத்தடுமாற்றம் உள்ளது.

வெளியேற்றப்படும் குத்தகைக்காரன் துப்பாக்கியுடன் நிற்கிறான். யாரைச் சுடுவது என்று கேட்கிறான். ஓட்டுநரைச் சுட்டால் வேறொருவன் வருவான். அவனுக்கு ஆணையிட்டவனுக்கு வங்கி ஆணையிட்டது. வங்கிக்குக் கிழக்கிலிருந்து ஆணை வந்தது. இவ்வாறு வினா மேலும் மேலும் பின்னோக்கிச் சென்று ஆளற்ற இடத்தில் முடிகிறது. வங்கி என்பது மனிதரால் ஆக்கப்பட்டும் மனிதருக்கு அடங்காத ஓர் அரக்கன் என்று புதினம் கூறுகிறது. யாத்திராகமத்தில் பார்வோனுக்கு முகம் உண்டு; மோசே அவன்முன் சென்று நின்று பேச முடிந்தது. இங்கோ பார்வோன் முகமற்றவனாகிவிட்டான்.

இலக்கிய நோக்கில் இது ஆற்றல் மிக்க உருவகமே. எபேசியர் நிருபம் கூறும் துரைத்தனங்கள், அதிகாரங்கள் என்னும் கருத்துடன் இதனை ஒப்பிடலாம். தனி மனிதரின் தீயெண்ணத்துக்கும் அப்பாற்பட்டு அமைப்புகளில் குடிகொள்ளும் தீமையை ஸ்டைன்பெக் உணர்ந்திருந்தார். ஆனால் அரக்கனிடம் மனந்திரும்புதலைக் கேட்க இயலாது. அரக்கனுக்கு எதிராகச் சட்டம் இயற்றவும் இயலாது. அரக்கன் என்று சொன்ன அளவிலேயே டிராக்டரும் புழுதியும் வீழ்ச்சியும் இயற்கை நிகழ்ச்சிகளைப் போல் ஆகிவிடுகின்றன.

வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. பருத்தி விலை வீழ்ந்தமையால், விளைநிலப் பரப்பைக் குறைப்போருக்கு அரசே பணம் தரும் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டம் 1933-இல் இயற்றப்பட்டது. அப்பணம் நில உடைமையாளரின் கைக்குச் சென்றது. பயிரிடாத நிலத்திற்கு வாரக் குடியானவர் தேவையில்லை. பெற்ற பணத்தில் டிராக்டர் வாங்கலாம். குடியானவரை வெளியேற்றக் கூடாது என்று ஒப்பந்தத்தின் ஒரு பிரிவுக்குப் பொருள் கொண்ட வேளாண்மைத் துறை வழக்கறிஞர் சிலர் 1935 பிப்ரவரியில் பதவியிலிருந்து நீக்கப்பட்டனர். அதே ஆண்டில் இயற்றப்பட்ட தேசியத் தொழிலுறவுச் சட்டம் சங்கம் அமைக்கும் உரிமையைத் தொழிலாளருக்கு அளித்தபோது வேளாண் தொழிலாளரை விலக்கிற்று. சமூகப் பாதுகாப்புச் சட்டமும் அவர்களை விலக்கிற்று. 1938-இல் வந்த குறைந்த கூலிச் சட்டமும் அவ்வாறே செய்தது.

சாலிசா கிழக்கு ஒக்லஹோமாவில் உள்ளது. புழுதிப் புயல்களின் மையப் பகுதி அங்கிருந்து மேற்கே நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் உள்ளது. ஜோட் குடும்பத்தைப் போன்ற பருத்திக் குடியானவரைப் பெயர்த்ததில் புழுதியைக் காட்டிலும் வறட்சிக்கும், வறட்சியைத் தாங்க இயலாத குத்தகை முறைக்கும், மேற்கூறிய சட்டத்திற்கும் மிகுந்த பங்குண்டு. முதல் அதிகாரத்தைப் புழுதியில் தொடங்கியதன் மூலம் ஆசிரியர் அழியாத ஒரு காட்சியைத் தந்தார். அதே வேளையில் தேதியும் கையொப்பமும் உடைய முடிவுகளைப் புழுதியால் மூடியும் விட்டார். மழை பொய்ப்பது மனிதர் செயலன்று. மழை பொய்த்த ஆண்டின் இழப்பு யாருடைய தோளில் விழ வேண்டும் என்பது மனிதர் செய்யும் முடிவு.

3. யாத்திராகமமும் கானானியரும்

யாத்திராகம வாசிப்புக்குப் புதினத்திலேயே சான்றுகள் உள. அடக்குமுறை, வனாந்தரப் பயணம், எல்லையில் நின்று பசும் பள்ளத்தாக்கைக் காணுதல், வழியில் முதியோர் மாண்டுபோதல் ஆகிய யாவும் அவ்வரிசையில் வருகின்றன. ஆயினும் ஆசிரியர் இவ்வொப்புமையைத் தலைகீழாக்கவும் அறிந்தவர். இறுதிப் பகுதியில் இறந்தே பிறந்த குழந்தையைப் பழப்பெட்டியில் இட்டு, தந்தையின் உடன்பிறந்தவரான ஜான் வெள்ளத்தில் விடுகிறார். நாணற்பேழையில் உயிருடன் மிதந்த குழந்தை மீட்பரானது. இங்கு மிதப்பது பிணம். அதுவே நகரத்தாருக்கு அனுப்பப்படும் சாட்சி. வாக்களிக்கப்பட்ட நாடே எகிப்தாகிவிட்டது என்பதைக் காட்டும் இப்பகுதி நூலின் மிக உயர்ந்த பகுதிகளுள் ஒன்று என்று துணிந்து கூறலாம்.

ஆனால் யாத்திராகமத்தை அதன் பின்வரும் யோசுவாவின் நூலோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். அந்நாட்டில் முன்னரே வாழ்ந்தோர் யார்? கலிபோர்னியத் தோட்டங்களில் ஜோட் குடும்பத்துக்கு முன்னர் உழைத்தோர் சீனர், ஜப்பானியர், மெக்சிகர், பிலிப்பினோக்கள். இவர்கள் பொது அதிகாரம் ஒன்றில் பெயரளவில் குறிக்கப்படுகின்றனர். கதைமாந்தராக ஒருவரும் இலர். 1933-இல் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் பன்னீராயிரத்திற்கும் மேற்பட்ட பருத்தித் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தில் பெரும்பாலோர் மெக்சிகரே. அதே பத்தாண்டில்தான் வேலையின்மையைக் காரணங்காட்டி, அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தோர் உட்பட, மெக்சிக வழியினர் இலட்சக்கணக்கில் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் நின்ற இடத்தில்தான் ஒக்லஹோமாவினர் வந்து நின்றனர்.

1936-இல் 'சான் பிரான்சிஸ்கோ நியூஸ்' என்னும் நாளிதழில் எழுதிய கட்டுரைகளில் ஸ்டைன்பெக், வருங்காலத்தில் தோட்டக் கூலிகள் வெள்ளை அமெரிக்கராகவே இருப்பர்; ஆதலின் முன்னிருந்தோரை நடத்தியது போல அவர்களை நடத்த இயலாது என்னும் கருத்தை முன்வைத்தார். வாசகரின் இரக்கத்தைத் தூண்டும் பொருட்டு எழுதப்பட்டதாயினும் இவ்வாதத்தின் உள்ளே ஒரு நச்சுவிதை உண்டு. இத்துன்பம் இவர்களுக்குத் தகாது என்று சொல்லும்போது, வேறு சிலருக்குத் தகும் என்று சொல்லாமற் சொல்லப்படுகிறது. அவருடைய கணிப்பும் பொய்த்தது. போர்க்காலத் தொழிற்சாலைகள் ஒக்லஹோமாவினரை ஈர்த்துக்கொண்டன. 1942 முதல் 1964 வரை 'பிரசேரோ' என்னும் ஒப்பந்தத் திட்டத்தின் கீழ் மெக்சிகர் மீண்டும் அதே வரப்புகளுக்கு அழைத்து வரப்பட்டனர். நெருக்கடி வரும்போதெல்லாம் உழைப்புச் சந்தை முதலில் ஆராய்வது, யாரைக் குரலற்றவராக்கலாம் என்பதையே. நிறமும் குடியுரிமையும் அங்கு அதற்குக் கருவிகளாயின.

4. கேசியும் முகாமும்

ஜிம் கேசி முன்னர் மறையுரையாளர். தம் அழைப்பில் ஐயங்கொண்டு ஊழியத்தைக் கைவிட்டவர். எல்லா மனிதருக்கும் பொதுவான ஓர் ஆவியில் தாமும் ஒரு பகுதி என்னும் உணர்வை அடைந்து, சிறையில் ஒற்றுமையின் ஆற்றலைக் கற்று, வேலைநிறுத்தத் தலைவராகிக் கொல்லப்படுகிறார். அவர் பெயரின் முதலெழுத்துக்கள் இயேசு கிறிஸ்துவின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களே. அவருடைய இறுதிச் சொற்கள் சிலுவையில் எழுந்த மன்னிப்பின் வேண்டுதலை நினைவூட்டுகின்றன. இவ்விணைகளைச் சுட்டிக்காட்டுவதோடு பல மறையுரைகள் நின்றுவிடுகின்றன.

நாம் கேட்க வேண்டியது வேறு. கேசி அயலானை நேசிக்கத் தொடங்கியபோது ஏன் சபையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று? புதினத்தில் சமயத்தின் குரலாக எஞ்சி நிற்போர் யாவர் என்று பார்ப்போம். மரணப்படுக்கையில் இருக்கும் பாட்டியின் கூடாரத்தருகே கூச்சலிட்டு மன்றாட வரும் கூட்டத்தார். அரசு முகாமில் நடனமாடுவோரின் பாவத்தைச் சொல்லிக் கருவுற்ற பெண்ணை அச்சுறுத்தும் ஒரு பெண்மணி. இரண்டரை சென்ட் கூலியைப் பாவம் என்று சொல்லும் சமயக் குரல் புதினத்தில் ஒன்றும் இல்லை. இச்சித்திரம் நமக்குக் கசப்பானது. ஆயினும் நேர்மையற்றது என்று அதனைத் தள்ளிவிட நம்மால் இயலாது.

அரசு முகாம் பற்றியும் ஒரு சொல். ஆர்வின் என்னும் ஊரருகே உண்மையாகவே அமைந்திருந்த முகாமின் சாயலில் புனையப்பட்ட அவ்விடத்தில் குடிநீரும் கழிப்பிடமும் உண்டு. குடியிருப்போரே தம்மை ஆளுகின்றனர். காவலர் உள்ளே வர இயலாது. ஜோட் குடும்பம் இழந்த மானத்தை அங்கே மீண்டும் பெறுகிறது. எனினும் ஏறத்தாழ ஒரு மாதத்திற்குப் பின் அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அங்கே வேலை இல்லை. நிவாரணம் மானத்தைக் காக்கலாம். கூலியை அதனால் நிர்ணயிக்க இயலாது. நல்ல உள்ளத்துடன் முகாம் நடத்துவோர் யாவரும், திருச்சபை உட்பட, சிந்திக்க வேண்டிய பகுதி இது. மேலும், மாநிலத்தில் ஓராண்டு வாழ்ந்தாலன்றி அரசு உதவி பெற இயலாது என்னும் விதியால் மழைக்காலத்தில் மக்கள் பட்டினி கிடப்பதையும் புதினம் கூறுகிறது.

இந்த வரிசையில் வைத்து நோக்கினால்தான் இறுதிக் காட்சி விளங்கும். 'சாரோனின் ரோஜா' என்னும் திருமறைப் பெயர் தாங்கிய இளந்தாய் பசித்த மனிதனுக்குப் பாலூட்டுவது ஒப்பற்ற ஈகையே. ஆயினும் அவ்வீகை தேவைப்பட்டது ஏன்? பழங்கள் விலைக்காக அழிக்கப்பட்ட நாட்டில், அவற்றைப் பறித்தவன் பசியால் கிடக்கிறான். ஈகையைப் புகழ்ந்துவிட்டுப் பசியின் காரணத்தை மறக்கும் மறையுரை, ஸ்டைன்பெக்கின் நூலையும் வாசிக்கவில்லை, ஆமோசின் நூலையும் வாசிக்கவில்லை.

5. புதினத்திற்கு வெளியே நின்ற திருச்சபை

கேசி சபையை விட்டு வெளியேறியே மக்களிடம் சேர முடிந்தது என்பது புதினத்தின் தீர்ப்பு. வரலாறு இத்தீர்ப்பை ஓரளவு திருத்துகிறது. 1934 ஜூலையில் ஆர்கன்சாவின் டைரன்சா ஊரருகே பதினொரு வெள்ளையரும் ஏழு கறுப்பரும் கூடித் தென்மாநிலக் குத்தகை விவசாயிகள் சங்கத்தை அமைத்தனர். அதன் துணைத்தலைவரான ஈ. பி. மெக்கின்னி ஒரு கறுப்பின மறையுரையாளர். மெதடிஸ்து ஊழியரான வார்ட் ராஜர்ஸ் சங்கத்தின் சார்பாகப் பேசியதற்காக 1935 ஜனவரியில் கைது செய்யப்பட்டார். அச்சங்கம் வேளாண்மைச் சட்டத்தின் தவற்றைப் பெயர் சொல்லிச் சுட்டியது. அரக்கனுக்கு முகம் உண்டு என்று அவர்கள் கண்டனர்.

கலிபோர்னியாவிலும் இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. அங்கே பிராட்டஸ்டண்ட் சபைகள் இணைந்து நடத்திய இடம்பெயர் தொழிலாளர் ஊழியம் பல்லாண்டுகளாக உடையும் விடுமுறை வேதபாடசாலையும் வழங்கும் பணியாகவே இருந்தது. பிரஸ்பிட்டேரியன் ஊழியரான கிறிஸ் ஹார்ட்மையர் 1961-இல் அதன் தலைமையை ஏற்ற பின் அப்பணியின் தன்மை மாறிற்று. 1965 செப்டம்பர் 8 அன்று டெலானோவில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோத் தொழிலாளர் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கினர். சில நாட்களில் செசார் சாவேஸின் தலைமையில் மெக்சிக வழியினர் அவர்களுடன் சேர்ந்தனர். பீச் தோட்டத்தில் ஜோட் குடும்பம் அறியாமல் செய்ததற்கு நேர்மாறான செயல் அது. ஊழியத்தார் தொழிலாளர் பக்கம் நின்றனர். தோட்ட உரிமையாளரும் சபைகளின் உறுப்பினரே, காணிக்கை கொடுப்போரே. ஆதலின் பள்ளத்தாக்கின் சபைகளில் பெருங்கலக்கம் எழுந்தது. பல ஆயர்கள் அதற்கு விலை கொடுத்தனர். 1970-இல் தொழிலாளர் ஒப்பந்தம் பெற்றனர். 1935-இல் மறுக்கப்பட்ட உரிமையைக் கலிபோர்னிய மாநிலம் 1975-இல் சட்டமாக்கியது.

இயந்திரமும் நிற்கவில்லை. பிரசேரோத் திட்டம் 1964-இல் முடிவுற்றதும், கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் உருவாக்கிய தக்காளி அறுவடை இயந்திரம் விரைந்து பரவிற்று. அதன் அடியில் நசுங்காதபடி தக்காளி இனமே மாற்றப்பட்டது. விலை ஏறத்தாழ ஐம்பதாயிரம் டாலர். 1960-களின் தொடக்கத்தில் நாலாயிரம் அளவில் இருந்த தக்காளி விவசாயிகள் 1973-இல் அறுநூறு அளவுக்குச் சுருங்கினர். 1970-களின் இறுதிக்குள் 32,000 வேலைகள் மறைந்தன என மதிப்பிடப்பட்டது. பொதுப் பணத்தால் நடந்த ஆராய்ச்சி பெருநிலக்காரருக்கு மட்டுமே பயன்பட்டது என்று 1979-இல் வழக்குத் தொடரப்பட்டது. கடினமான உழைப்பை இயந்திரம் குறைத்தது தீமை என்று நாம் சொல்லவில்லை. குனிந்து பறித்தவரின் முதுகு நிமிர்ந்தது நன்றே. நிமிர்ந்தவருக்கு ஆதாயத்தில் பங்கு உண்டா என்பதே வினா.

தட்பவெப்பமும் மாறி வருகிறது. தோட்டத் தொழிலாளர் சிலர் வெப்பத்தால் இறந்த பின்னரே, 2005-இல், வெளியிடத்தில் உழைப்போருக்கு நிழலும் நீரும் ஓய்வும் தர வேண்டும் என்னும் விதியைக் கலிபோர்னியா இயற்றியது. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது வேளாண் தொழிலாளர் இன்றியமையாதோர் என அறிவிக்கப்பட்டு வேலைக்கு அனுப்பப்பட்டனர். ஆனால் அவர்களுள் குடியேற்ற ஆவணம் அற்றோருக்கு மைய அரசின் நிவாரணத் தொகை கிடைக்கவில்லை. 2023-இல் பெருமழையால், வற்றிப்போயிருந்த துலாரே ஏரி மீண்டும் நிரம்பி வயல்களை மூடியது. வயலோடு வேலையும் மூழ்கிற்று. ஜோட் குடும்பத்தை இறுதியில் சூழ்ந்த வெள்ளம் கற்பனை அன்று என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

6. நம்முன் உள்ள வினா

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கை, வெப்ப மிகுதியால் 2030-இல் உலகின் மொத்த உழைப்பு நேரத்தில் 2.2 விழுக்காடு இழக்கப்படும் எனவும், அது எட்டுக் கோடி முழுநேர வேலைகளுக்கு ஈடு எனவும், அவ்விழப்பில் அறுபது விழுக்காடு வேளாண்மையில் நேரும் எனவும் மதிப்பிட்டது. இந்தியாவுக்கு அது கணித்த இழப்பு 5.8 விழுக்காடு, மூன்று கோடியே நாற்பது இலட்சம் வேலைகளுக்கு ஈடானது. காவிரிப் படுகையில் அறுவடை இயந்திரம் இறங்கிய வயல்களில் கதிர் அறுத்தும் களம் அடித்தும் கூலி நெல் பெற்றோருக்கு அவ்வேலை இல்லாமற் போயிற்று. 2020 மார்ச் 24 அன்று நாடு முழுவதும் முடக்கம் அறிவிக்கப்பட்டபோது, பிற மாநிலங்களிலிருந்த தொழிலாளர் பலருக்குக் குடும்ப அட்டை சொந்த ஊரில் இருந்தமையால் உழைத்த ஊரில் அரிசி கிடைக்கவில்லை. புதினம் கூறும் ஓராண்டு விதியை ஈண்டு ஒப்பிட்டு நோக்குக. நம் சபையாருள் மிகப்பலர் நிலமற்ற உழைப்பாளரும் அவர்தம் வழிவந்தோருமே என்பதை ஆயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்நிலையில் நம் மறையுரைகள் இரு எளிய வழிகளில் செல்லக் காண்கிறோம். இயந்திரத்தையும் வறட்சியையும் கொள்ளைநோயையும் கடைசிக் காலத்தின் அடையாளங்கள் என்று கூறி அமைதல் ஒன்று. அரிசியும் துணியும் வழங்கி நன்றி கூறுதல் மற்றொன்று. முன்னது ஸ்டைன்பெக்கின் அரக்கனைப் போன்றது: பெயரில்லை, ஆகவே பொறுப்பாளரும் இல்லை. பின்னது தேவையானதே, ஆயினும் அரசு முகாமின் எல்லையைத் தாண்டாதது. இரண்டுக்கும் இடையில் விடுபட்டது, முடிவு செய்தோரின் பெயரைக் கேட்கும் பணி. இயந்திரம் வாங்க மானியம் யாருக்குச் சென்றது? வேலை இழந்தோருக்கு ஈடு என்ன என்று யாரேனும் கேட்டனரா? வறட்சி நிவாரணம் நில உரிமையாளரோடு நின்றதா, கூலியாளை எட்டியதா? எந்தச் சட்டத்தில் எவர் விலக்கப்பட்டனர்? தீர்க்கதரிசிகள் மழையின்மையைப் பற்றி மட்டும் பேசவில்லை. எடைக்கல்லைப் பற்றியும் பேசினர்.

நம் சபைகளில் ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகை கொண்டாடுகிறோம். பீடத்தண்டையில் நெற்கதிர்க் கட்டும் வாழைத்தாரும் கரும்பும் வைத்து இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். அன்று வாசிக்கப்படும் பகுதிகளோடு யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத் தொடக்கத்தையும் சேர்த்து வாசிக்கலாம். அறுத்தவரின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவது பற்றி அப்பகுதி பேசுகிறது. அந்த ஆண்டில் அவ்வூரில் அறுப்புக்குச் சென்றோர் எத்தனை பேர், எத்தனை நாள் வேலை கிடைத்தது, கூலி எவ்வளவு என்பதை ஆயர் தாமே வீடுதோறும் கேட்டறிந்து, அந்த எண்களைப் பிரசங்க பீடத்தில் கூறட்டும். நிலமுள்ளோரும் நிலமற்றோரும் ஒரே சபையில் அமர்ந்து அதனைக் கேட்கட்டும். டெலானோவின் சபைகளில் எழுந்த கலக்கம் அங்கும் எழலாம். எழுமாயின், ஜோட் குடும்பத்தார் தேடியும் காணாத சபை எத்தகையது என்பதை அவ்வூரார் அறியத் தொடங்குவர்.